மலாகியின் பங்கு

ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் சபைச் செயலாளர் ரொபாத்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தால், மலாகி குனியத் தயாராகிறார் என்று பொருள். அந்த வாரம் எந்தக் குடும்பம் எவ்வளவு காணிக்கை கொடுத்தது என்பதை ரொபாத்தி உரக்க வாசிப்பார். குடும்பத் தலைவரின் பெயர், பிறகு தொகை, பிறகு அடுத்த பெயர். வரிசை ஒருநாளும் மாறாது. தன் பெயர் வருவதற்கு இரண்டு பெயர் இருக்கும்போதே மலாகி குனிந்து இடது கால் செருப்பின் வாரை அவிழ்ப்பார். பெயரும் தொகையும் தலைக்கு மேலே கடந்துபோன பிறகு வாரை மறுபடி மாட்டிவிட்டு நிமிர்வார்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தை விட்டு, ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்குத் தெற்கே லோகனுக்கு அவர்கள் குடிவந்தபோது மகள் தலோசியாவுக்கு ஒன்பது வயது. அப்பாவின் செருப்பில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாள். ஒரு சனிக்கிழமை யாரும் பார்க்காதபோது அந்த வாரை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"பெருமைய மறைக்கிறாரு உங்கப்பா," என்றாள் லுவிசா, சேப்பங்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே. "நிமிந்து உக்காந்தா இளிச்சிருவாரு. சபை மொத்தமும் பாக்கும்."

அது உண்மையாக இருக்கலாம். அந்த நாட்களில் மலாகியின் தொகை சபையில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் பிரிவில் கத்தி பிடிக்கிறவருக்கு அது சாதாரணமான இடம் இல்லை. குளிர் அறையிலேயே வருடக்கணக்காக நின்று அவர் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அதனால் ஒரு செருப்பு வாரை மாட்ட அவருக்கு அவ்வளவு நேரம் ஆவதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலாகி பிறந்தது சமோவாவில், சவாயி தீவின் மேற்குக் கரையில் ஒரு கிராமத்தில். அண்ணனும் அவருமாக இரண்டு பையன்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒருவனுக்குத்தான் கட்ட முடிந்தது. மூத்தவன் படித்தான்; மலாகி பன்னிரண்டு வயதில் தோட்டத்துக்குப் போனார். இதை அவர் ஒரு குறையாகச் சொல்லித் தலோசியா கேட்டதில்லை. அண்ணன் படித்து, தலைநகர் ஆப்பியாவில் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஆனதும், முதல் வேலையாகத் தம்பிக்கு ஆக்லாந்துக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "அவன் தலை, நான் கை," என்பார். "தலை போட்ட காசுல கை பறந்து வந்துச்சு."

ஆக்லாந்தில் மரக்கடையில் வேலை. அங்கேதான் லுவிசாவைக் கட்டினார், தலோசியாவும் அவளுக்குக் கீழே இரண்டு பையன்களும் பிறந்தார்கள், நியூசிலாந்து பாஸ்போர்ட்டும் வந்தது. ஆஸ்திரேலியாவில் சம்பளம் கூட என்று ஒரு உறவுக்காரர் சொன்னதும் மூட்டை கட்டினார்கள். நியூசிலாந்து பாஸ்போர்ட் இருந்தால் ஆஸ்திரேலியாவில் இறங்கின அன்றே வேலைக்குப் போகலாம், வரி கட்டலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். வேறு என்னென்ன செய்ய முடியாது என்பதை அன்று யாரும் விசாரிக்கவில்லை. அது தேவைப்படும் வயதில் வீட்டில் யாரும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தலோசியாவுக்குக் கணக்கு ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைத்தபோதுதான் தெரிந்தது. அவளும் பள்ளித் தோழி கெல்சியும் பள்ளி நூலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் சேர்க்கை விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கெல்சியின் திரையில் ஒரு கட்டம் வந்தது. அதில் ஒரு டிக் அடித்தால் படிப்புச் செலவை அரசாங்கம் முதலில் கட்டிவிடும். பிறகு வேலைக்குப் போய் நல்ல சம்பளம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். கெல்சி படித்துக்கூடப் பார்க்காமல் டிக் அடித்தாள். தலோசியாவின் திரையில் அந்தக் கட்டமே வரவில்லை.

"உன் கம்ப்யூட்டர் ஏதோ மக்கர் பண்ணுது," என்றாள் கெல்சி. "இந்தா, என்னோடதுல போட்டுப் பாரு."

கெல்சியின் கணினியிலும் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டபோது ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். இடம் உண்டு, தொகையும் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் நியூசிலாந்துக்காரர்களுக்குக் கடன் கிடையாது. ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட தேதிக்குள் கட்டிவிட வேண்டும். ஒன்பது வயதிலிருந்து ஆஸ்திரேலியாவில்தான் படித்தேன் என்று தலோசியா சொன்னாள். தெரியும் என்றாள் அந்தப் பெண். அன்று மட்டும் இதே கேள்விக்கு நிறையப் பேருக்குப் பதில் சொல்லியிருந்தாள் போல.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். கட்டணம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. 'மாணவர் பங்களிப்பு' என்றுதான் போட்டிருந்தது. அதைத் தங்கள் மொழியில் சொல்லத் தேடியபோது அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது. சாஓஃபாங்கா. பங்கு. கல்யாணம், சாவு, கோயில் கூரை என்று எது வந்தாலும் ஒவ்வொரு வீடும் கொண்டுபோய் வைக்கிற பங்கு.

அதுவரை நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்த மலாகியின் முகம் தெளிந்தது.

"பங்கா? கடனுன்னு பயந்துட்டேன். பங்குன்னா குடுத்துரலாமே."

பங்கு கொடுப்பது அவருக்குத் தெரிந்த காரியம். அதை அவர் பிறந்ததிலிருந்து செய்கிறார். கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு முதலில் போக வேண்டும். சபை நடுவே நின்று நாலு நல்ல வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். மீதி பின்னால் வரும். வெறுங்கையோடு போவதுதான் தப்பு. பாதி கொடுத்தவனை, மீதி எங்கே என்று கேட்டு எழுப்பிவிட்ட சபையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

வகுப்புகள் தொடங்கிய இரண்டாவது வாரம், தன் விடுப்பு நாளில் மலாகி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றிய கறுப்பு லாவாலாவா, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு. சட்டைப் பையில் ஒரு உறை. அதில் முதல் பருவத் தொகையில் பாதி, ரொக்கமாக. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் புல்தரையில் கிடந்த மாணவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாணவர் சேவை மையத்தில் இருந்த பெண், இங்கே ரொக்கம் வாங்குவதில்லை, கீழே தபால் ஆபீசில் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள். மலாகிக்கு அது பிடிக்கவில்லை. பங்கை வாங்கிக்கொள்ள அந்த வீட்டு ஆள் ஒருவர் வேண்டாமா? ஆனாலும் போனார். வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்:

"என் பேரு மலாகி. இது எங்க குடும்பத்தோட முதல் பங்கு. மீதி வந்துக்கிட்டு இருக்கு. எங்க பொண்ண உங்க கையில குடுத்திருக்கோம். ஆண்டவர் இந்த இடத்த ஆசீர்வதிக்கட்டும்."

தபால் ஆபீஸ்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு, "நன்றி ஐயா," என்று சொல்லிவிட்டு ரசீதை நீட்டினார். பின்னால் ஒருவன் சிரித்தான். தலோசியா வாழ்த்து அட்டைகள் செருகியிருந்த சுழல் சட்டத்துக்குப் பின்னால் நின்று, பிறந்தநாள் அட்டை ஒன்றை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மலாகி கேட்டார்: "பேரு எப்ப வாசிப்பாங்க?"

"இங்கெல்லாம் வாசிக்க மாட்டாங்கப்பா."

"வாசிக்காம எப்படித் தெரியும், யார் குடுத்தாங்கன்னு?"

தேதிக்குள் முழுவதும் கட்ட வேண்டுமே என்று அவள் ரயிலில் சொன்னாள். ஈஸ்டருக்கு மீதி என்றார். பாதியை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அப்படியானால் ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம் என்றார். பதினேழு வயதில் தலோசியாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் அந்தச் சபையில் வளர்ந்தவள்தான்.

அந்தத் தேதி கடந்து இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு வாசித்தார். அங்கே ஆங்கில அகரவரிசையில் வாசிப்பது அப்பா பெயரைத்தான். லாங். லூயிஸ். அடுத்தது மலாகி என்று அவள் வாயைத் திறந்து வைத்திருந்தாள். மில்லர் என்றார்.

"சார், என் பேரு விட்டுப்போச்சு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "இதுல இல்லையேம்மா. ஒருதடவ மையத்துல போய்க் கேட்டுட்டு வாங்களேன்," என்றார். எல்லோரும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். தலோசியா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று கேட்டு வந்தது சுருக்கமான செய்தி: தொகை முழுதாக வராததால் சேர்க்கை ரத்து. கட்டிய பாதி திரும்ப அனுப்பப்பட்டுவிட்டது. விரும்பினால் அடுத்த வருடம் மறுபடி சேரலாம்.

வீட்டில் சொன்னபோது மலாகி ஏன் என்று கேட்கவில்லை.

"குடுத்தத திருப்பிட்டாங்களா?" என்றார்.

"ஆமாப்பா."

அவர் எழுந்து பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கொடுத்த பங்கைத் திருப்பிக் கையில் கொடுப்பது என்றால் நீ எங்கள் ஆள் இல்லை, போ என்று சொல்வது. ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறவனுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். லுவிசாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பாத்திரத்தை உருட்டிக்கொண்டே, "மீன் கடையிலகூட பாதிக் காசுக்குப் பாதி மீன் குடுப்பான்," என்றாள்.

வெகுநேரம் கழித்து மலாகி உள்ளே வந்து, மகளின் தலையில் கை வைத்து ஒன்று மட்டும் சொன்னார்: "இனிமே உன் பேரு விடுபடாது."

அந்த வருடம் தலோசியா கோழிக்கறி பொட்டலம் கட்டும் இடத்தில் வேலை செய்தாள். அடுத்த வருடம் மறுபடி சேர்ந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு பருவமும் முதல் நாளே முழுத் தொகையும் கட்டியாகிவிடும். அவள் சம்பாதிப்பதில் புத்தகமும் ரயிலும் போகும், மற்றது அவர். சனிக்கிழமை ஓவர்டைம் எல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டார். வேனை விற்றார். ஒரு டோங்கா தேசத்து நண்பரின் காரில் பின் சீட்டில் இடுங்கி உட்கார்ந்து வேலைக்குப் போனார். அதற்குமேல் வெட்ட எதுவும் இல்லாமல் போனபோது சபைக் காணிக்கையில் கை வைத்தார்.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தலோசியா பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போது சபைக்கு மண்டபம் கட்டுவதாக முடிவாகி, ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் பங்கைச் சொன்னார்கள். மலாகி ஐயாயிரம் டாலர் என்று சொல்லிவிட்டார். முதலில் கொஞ்சம் கொடுத்தார். பிறகு கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மண்டபப் பங்கில் பாக்கி வைத்திருக்கிறவர்களின் பெயரையும் ரொபாத்தி தனியாக வாசிப்பார். அதில் கோபம் எதுவும் இருக்காது. பைபிளில் வம்சவரிசை வாசிக்கிற மாதிரிதான் வாசிப்பார்.

வாராவாரக் காணிக்கையில் மலாகியின் தொகை இப்போது கடைசி இரண்டு மூன்றில் ஒன்று. அவர் முன்பு குனிந்த மாதிரியே குனிந்தார், அதே வார், அதே நேரம். முன்பு பெருமைக்குக் குனிந்தவர் இப்போது வெட்கத்துக்குக் குனிகிறாரா, இல்லை எப்போதுமே ஒன்றுக்குத்தான் குனிந்தாரா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலோசியாவுக்குத் தெரியவில்லை. அவர் பின்கழுத்தைத்தான் அவளால் பார்க்க முடிந்தது.

ஒரு ஞாயிறு மதிய விருந்தில், தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலையைத் தட்டில் அள்ளிக்கொண்டே ரொபாத்தி கேட்டார். இருவரும் ஒரே வயது, ஆக்லாந்திலிருந்தே பழக்கம்.

"ஏய்யா மலாகி, உனக்கு ஒரு செருப்பு வாங்கித் தரலாம்னு சபைச் சங்கத்துல பேசிக்கிட்டோம். பாவம், வாரா வாரம் வார் அவுந்துபோகுது."

"வாங்கிக் குடுங்க," என்றார் மலாகி. "ஆனா பேரு வாசிச்சுக் குடுக்கணும். யாரு எவ்வளவு போட்டாங்கன்னு எனக்குத் தெரியணும்ல."

மேசையே சிரித்தது. ரொபாத்தியும் சிரித்துவிட்டு, குரலை இறக்காமலே சொன்னார்: "மக படிக்கிறதுக்கு ஆண்டவரு காத்திருக்காரு போல." அதற்கும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. மலாகி தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவரு காத்திருப்பாரு, ரொபாத்தி. அவருக்குத் தேதி கெடையாது," என்றார்.

மூன்றாம் வருடம் ஜூலையில் ஆப்பியாவிலிருந்து போன் வந்தது. அண்ணன் போய்விட்டார். அடுத்த வாரம் இரண்டாம் பருவத் தொகை கட்ட வேண்டும். பணம் வங்கியில் இருந்தது. விமான டிக்கெட்டும், சமோவா வழக்கப்படி சாவுக்குத் தம்பி கொண்டுபோக வேண்டிய நல்ல பாய்களும் பணமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே தொகை.

தலோசியா அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். லுவிசாதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு பருவம் போனால் போகட்டும், முன்னாலும் ஒருதடவை போனதுதானே, பெண் சின்னவள், காலம் இருக்கிறது என்றாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்: "அவரு டிக்கெட் எடுத்துக் குடுத்துதாங்க நீங்க ஆக்லாந்துக்கே வந்தீங்க."

"தெரியும்," என்றார் மலாகி.

"ஊருல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அண்ணன் காத்திருப்பான் லுவிசா. இவங்க காத்திருக்க மாட்டாங்க."

தலோசியா கதவைத் திறந்துகொண்டு போய், வேண்டாம்பா, நீங்க போங்க என்று சொல்லியிருக்கலாம். அவள் கை கைப்பிடி வரை போனது. அடுத்த வாரம் தொகை கட்டியாகிவிட்டது. சாவுக்குப் பாதிப் பங்குதான் போனது. அடக்கத்தில் தம்பி பெயரை வாசித்தபோது அங்கே எழுந்து நிற்க ஆள் இல்லை.

அதே பருவத்தில் கல்விக் கொள்கை என்று ஒரு பாடம். மாணவர்கள் தங்கள் படிப்புச் செலவில் பங்கு தர வேண்டுமா, கூடாதா என்று வகுப்பில் விவாதம். ஒரு பையன் நன்றாகவே பேசினான். பட்டம் வாங்கினால் சம்பளம் கூடப்போவது எனக்கு. என் படிப்புக்கு எதற்கு ஒரு கசாப்புக்காரன் வரி கட்ட வேண்டும் என்றான். இன்னொருத்தி, படித்தவர்களால் ஊருக்கே நன்மை, அதனால் ஊர்தான் கட்ட வேண்டும் என்றாள். தலோசியா இருவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். வாரக் கடைசியில் அப்பாவோடு பேருந்துக்குக் காத்திருந்தபோது அவரிடம் சொன்னாள்.

"கசாப்புக்காரன் பணத்துல நான் ஏன் படிக்கணும்னு கேக்குறான்ப்பா."

மலாகி சிரித்தார். "நல்ல பையனா இருக்கானே. கசாப்புக்காரன நெனச்சுப் பாத்திருக்கான்."

"அப்பா, நீங்க வரியும் கட்டுறீங்க, எனக்கும் கட்டுறீங்க. அவன் இன்னும் ஒத்தக் காசு கட்டல."

"கட்டாமலா உள்ள உக்காந்திருக்கான்?" உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம். "கூச்சமா இருக்காதா அவனுக்கு?"

கோபம்தான் வந்தது அவளுக்கு. யார் மீது என்று தெரியாத கோபம். யாருமே ஒன்றும் கட்ட வேண்டாம் என்று சட்டம் இருந்திருந்தால் பெரியப்பாவின் அடக்கத்துக்கு அப்பா போயிருப்பார். ஆனால் சும்மா கிடைக்கிற படிப்புக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பாரா? வந்திருப்பார் என்று ஒருநாள் தோன்றும், மாட்டார் என்று மறுநாள் தோன்றும். அந்தப் பாடத்துக்கு அவள் எழுதிய கட்டுரையில் இரண்டு பக்கத்து வாதங்களும் ஒழுங்காக இருந்தன. நல்ல மதிப்பெண் வந்தது. முடிவு என்ன என்று சிவப்பு மையில் ஓரத்தில் ஒரு கேள்வி இருந்தது.

பட்டமளிப்பு நாள். அரங்கில் ஒவ்வொருவர் பெயரையும் வாசிப்பார்கள் என்று தலோசியா முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். கடைசியில் வாசிக்கிறார்கள் பார் என்று அவர் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இடது பக்கம், தூணுக்குப் பக்கத்து வரிசையில் உட்காருங்கள், மேடையில் இருந்து பார்ப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். கைதட்டலைக் கடைசிவரை பொறுத்து வைத்துக்கொள்ளுமாறு அறிவித்தார்கள். அதை எந்த சமோவாக் குடும்பமும் காதில் வாங்கவில்லை.

"தலோசியா மலாகி."

பெயர் தெளிவாக அரங்கம் முழுக்க விழுந்தது. மகள் பெயர் பாதி, அப்பா பெயர் பாதி. தலோசியா நடந்துகொண்டே இடது பக்கம் திரும்பினாள். அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். தம்பிகள் தொண்டை கிழியக் கூவினார்கள். அவர்களுக்கு நடுவே வளைந்த ஒரு வெள்ளைச் சட்டை முதுகு. அப்பா குனிந்திருந்தார்.

அவள் மேடையைக் கடந்து மறுபக்கப் படி இறங்கும்போது அவர் நிமிர்ந்தார். அதற்குள் மேடையில் வேறொருத்தி நடந்துகொண்டிருந்தாள்.

வெளியே புல்தரையில், மிட்டாய்களைக் கோத்த மாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவள் கழுத்தில் போட்டார்கள், மூக்கு வரைக்கும். அந்தக் குவியலுக்கு மேலே எட்டிப்பார்த்து அவள் கேட்டாள்:

"பாத்தீங்களாப்பா?"

"கேட்டேன்," என்றார். "தெளிவா வாசிச்சாங்க."

"இங்க தொகை எதுவும் வாசிக்கலையே. எதுக்குக் குனிஞ்சீங்க?"

அவர் தன் காலைப் பார்த்தார். அன்றைக்கென்று புதிதாக வாங்கிய கறுப்பு ஷூ. அதில் வாரும் இல்லை, கயிறும் இல்லை. இதை அவரே அப்போதுதான் கவனித்த மாதிரி இருந்தது. "பழக்கம்," என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லுவிசா ஏதோ கேலி செய்ய வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருடம் தலோசியா லோகனிலேயே ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலையில் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு சவாயிக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன், பெரியப்பா கல்லறையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். குளிர் முடியட்டும், செப்டம்பரில் போகிறேன் என்றார். ஜூன் மாதம் ஒரு காலை, தொழிற்சாலை வாசலில் நண்பரின் காரிலிருந்து இறங்கியவர் கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்போது மூச்சு இல்லை. ஐம்பத்து நான்கு வயது. அவருடைய அடக்கத்துக்குப் பங்குகள் வந்து குவிந்தன. ரொபாத்தி நின்றபடியே வாசித்தார், வாசிக்க வாசிக்கப் பட்டியல் தீரவில்லை. சவாயியில் இருந்து பெரியப்பாவின் மக்கள் முழுப் பங்கு அனுப்பியிருந்தார்கள்.

பள்ளி ஆசிரியர் அறையில் சம்பள நாளன்று எல்லோரும் புலம்புவார்கள், படிப்புக் கடனுக்கு இவ்வளவு பிடித்துவிட்டான் என்று. "நாம செத்தாத்தான் இந்தக் கடன் தீரும்," என்றார் ஒருவர் ஒருநாள். அது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை என்று இன்னொருவர் விளக்கினார்: கடன்காரர் இறந்துவிட்டால் மிச்சத்தை அரசாங்கம் தள்ளிவிடும், குடும்பத்தைக் கேட்காது. பிறகு தலோசியா பக்கம் திரும்பி, "உனக்குக் கடனே இல்லையாமே? நீ குடுத்து வெச்சவ," என்றார்.

தலோசியா தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் கழுவினாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. மண்டபப் பாக்கி வாசிக்கிற நாள். ஆராதனைக்கு முன்னால் ரொபாத்தி லுவிசாவையும் தலோசியாவையும் தனியாகக் கூப்பிட்டார். சங்கத்தில் பேசியிருக்கிறார்கள், மலாகியின் பாக்கியைத் தள்ளிவிடலாம் என்று எல்லோருக்கும் சம்மதம் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தள்ள வேண்டாம் மாமா," என்றாள் தலோசியா. "நான் கட்டுறேன். அடுத்த மாசத்துக்குள்ள மொத்தமா கட்டிருவேன்." பாதிப் பாதியாகக் கட்டுவதில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

லுவிசா மகளின் கையைப் பிடித்தாள். "நீ கட்டாத."

"ஏம்மா?"

"காணிக்கைய இப்ப உன் பேருலதான் வாசிக்கிறாங்க. ஃபேக்டரில அவர் பேரு இல்ல, பேங்க்ல இல்ல, வீட்டு வாடகைல இல்ல." அவள் ரொபாத்தியைப் பார்த்தாள். "இந்தப் பாக்கில மட்டும்தான இருக்கு. அதையும் கட்டிட்டா, அப்புறம் எங்க வாசிப்பீங்க?"

ரொபாத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மாட்டிக்கொண்டு முன்னால் போனார்.

வழக்கமான வரிசையில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் தலோசியாவுக்குத் தெரிந்தது. பணம் அவளிடம் இருந்தது. அதைக் கட்டினால் அப்பாவின் தலை நிமிரும் என்று நினைத்தாள். கட்டினால் அவர் பெயர் விடுபட்டுப் போகும். இரண்டில் எது சரி என்று சொல்லத் தெரியாமல் இருந்தாள்.

ரொபாத்தி எழுந்தார். பாக்கியாளர்களில் ஒரு பெயர் வாசித்தார். இன்னொன்று. அம்மாவும் மகளும் குனியாமல் நேராக முன்னால் பார்த்தார்கள்.

"மலாகி," என்று வாசித்தார், முழுக் குரலில், எப்போதும் வாசிக்கிற மாதிரி. "மண்டபப் பங்கு. மூவாயிரத்து எண்ணூறு டாலர். பாக்கி."